சூப்பரின்டெண்டன்ட் என் வகுப்பில் சேர்ந்த கதை

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தாலே "விடும்மா, விட்டுத்தள்ளு" என்கிறாய், அதனால்தான் எழுதுகிறேன், காகிதம் குறுக்கே பேசாது.

பகலெல்லாம் எனக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை செக்‌ஷனில் வேலை, சாயந்திரம் அதே கட்டடத்து மாடியில் கணக்கியல் சான்றிதழ் வகுப்புக்குப் பகுதிநேர டீச்சர், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எங்கள் சூப்பரின்டெண்டன்ட் இருக்கிறாரே, அவருக்குப் ப்ரமோஷன் கிடைக்க அந்தச் சான்றிதழ் வேண்டுமாம், போன செமஸ்டர் என் வகுப்பிலேயே வந்து சேர்ந்தார். பகலில் "ஏம்மா, அந்த ஃபைல் என்னாச்சு?" என்று விரட்டுகிற மனுஷன், சாயந்திரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டினார். அதுவும் முதல் வாரம் மட்டும்தான், அப்புறம் ஆளையே காணோம். நான் வகுப்புக்கு மாடி ஏறும்போது அவர் கீழே வண்டியை எடுத்துக்கொண்டிருப்பார், கொஞ்சமும் கூச்சமில்லாமல் கையை வேறு ஆட்டுவார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செமஸ்டர் முடிகிற சமயம் என் மேஜைக்கு வந்து, "அட்டெண்டன்ஸ் கொஞ்சம் பாத்துப் போட்டுடுங்க மேடம், அடுத்த செமஸ்டர் நீங்க கிளாஸ் எடுக்க நான்தானே அனுமதி தரணும்" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் மேடம்! உன் அப்பாவிடம் சொன்னால், "போட்டுட்டுப் போயேன், உன் சொத்தா போகுது?" என்கிறார். பாப்பா, அந்த வகுப்பில் ஒரு நர்ஸ் படிக்கிறாள், ட்யூட்டி முடித்து நேரே வருவாள், "உக்காந்தா தூங்கிருவேன் டீச்சர்" என்று சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே எழுதுவாள். அவளுக்கே வராத நாளுக்கு ஆப்சென்ட் போட்டவள் நான், இவருக்கு எந்த முகத்தோடு ப்ரசென்ட் போடுவேன்? போடவில்லை. அவரும் "ஆபீஸ் வேலை பாதிக்கிறது" என்று எழுதி அனுமதியை நிறுத்திவிட்டார்.

புது செமஸ்டர் தொடங்கியும் சாயந்திரமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அப்பாவோடு ரிமோட்டுக்குச் சண்டை போட்டேன், கடைசியில் அவரே "நீ கிளாசுக்கே போயிருக்கலாம்" என்றார், இவரை என்ன சொல்ல! அங்கேயோ, ஆபீஸ் முடிந்த களைப்போடு மாடி ஏறிப் பாடம் எடுக்க வேறு யாரும் தயாராயில்லை. வகுப்புப் பிள்ளைகள் செக்‌ஷன் ஜன்னலில் வந்து நின்று கிளாஸ் எப்போது என்று சூப்பரின்டெண்டன்டையே கேட்டார்கள். அந்த நர்ஸ் ஒருநாள் யூனிஃபார்மோடு வந்து, "டீச்சர் இதோ உக்காந்திருக்காங்களே, அப்புறம் ஏன் சார் கிளாஸ் இல்ல?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டுவிட்டாள். செக்‌ஷன் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. மறுநாள் அனுமதி என் மேஜையில் கிடந்தது.

நேற்று முதல் வகுப்பு. வருகை குறைந்ததால் அவரும் முதலிலிருந்து படித்தாக வேண்டும், வந்திருந்தார். அவர் பெயரைக் கூப்பிட்டேன், பதிலில்லை. நிமிர்ந்து பார்த்தால் முன் பெஞ்சிலேயே இருக்கிறார், "உள்ளேன்னு நானும் சொல்லணுமா மேடம்?" என்கிறார். எல்லாரும் சொல்லணும் சார் என்றேன். சொன்னார் பாப்பா.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி போனைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். இனிமேல் சாயந்திரத்தில் போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா