முன்மூலை

பெல்டர்பெட்,
1961 நவம்பர் 9

அன்புள்ள மகன் ஃபெலிமுக்கு,

சித்தப்பா மாலக்கி எழுதுவது. இங்கே நான், என் கழுதை, என் மூட்டுவலி மூவரும் நலம். பர்மிங்காமில் உன் நலம் அறிய ஆவல்.

நம் குலப்பெருமையை மறந்திருப்பாய். கொல்லன் மகன் என்ற பொருளில் மாக் அன் காவன் என்று ஆரம்பித்தோம். நம் முப்பாட்டன் அடித்த வாளை வீசினால் மழை இரண்டாகப் பிரிந்து பெய்யும். அவன் சம்மட்டிச் சத்தத்தில் ஸ்காட்லாந்து மாடுகள் கன்று போடும். பிறகு இங்கிலீஷ்காரக் குமாஸ்தாக்கள் நாக்குச் சுளுக்கி மெக்கோவன் என்றும் ஓகோவன் என்றும் எழுதினார்கள். நம் ஆட்களில் பாதிப் பேரின் பெயரை மொழிபெயர்த்து, இங்கிலீஷில் கொல்லன் என்று பொருள்படும் ஸ்மித் ஆக்கிவிட்டார்கள். எல்லாம் நம் உலையில் வெந்த இரும்புதான்.

ஐரிஷ்காரனுக்கு அங்கே வீடு தரமாட்டார்கள் என்று நீயும் ஸ்மித் ஆனாய். "என் சவப்பெட்டிய எந்த ஸ்மித்தும் தொடக்கூடாது" என்று உன் அப்பா ஹ்யூ கத்தியது ஊரறிந்தது.

செவ்வாய்க்கிழமை அவன் அடக்கத்துக்கு நீ வந்தபோது பூசை பாதி முடிந்திருந்தது. கோவில் வாசலில் வழக்கப்படி, "செத்தவன் குடும்பப் பேர்க்காரங்க நாலு பேர் பெட்டி தூக்க வாங்கப்பா" என்று கூப்பிட்டேன். நானும் என் மகன்கள் இருவரும் தோள் கொடுத்தோம். எனக்குப் பக்கத்தில் பெட்டியின் முன்மூலை காலி. நீ சுவரோரம் தொப்பியைக் கையில் பிடித்து நின்றாய். நான் உன்னைப் பார்த்தேன், நீ தரையைப் பார்த்தாய். சாமியார் இருமினார். கடைசியில் பக்கத்துப் பண்ணை பார்னி ஸ்மித் வந்து, "நகருங்கடா, நானும் கொல்லன் வம்சந்தான். ஹ்யூ உசிரோட இருந்தா ஒதைப்பான், இப்ப என்ன பண்ணுவான்" என்று தோள் கொடுத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்தடி போனதும் பாதை கண்ணுக்குத் தெரியவில்லை.

உன் அப்பாவை ஒரு ஸ்மித்துதான் சுமந்தான், மகனே. நீ இல்லை.

குழி மூடித் திரும்பினேன். நீ பஸ் ஏறிவிட்டாய் என்றார்கள். உன்னிடம் சொல்ல ஒன்று வைத்திருந்தேன். நீயாகவே வருவாய் என்று வாசலில் சொல்லாமல் விட்டேன். சாவதற்கு முந்தின நாள் உன் அப்பா என்னிடம், "முன்மூலை ஃபெலிமுக்கு. எந்தப் பேர்ல வந்தாலும் சரி. அவன் உன்னைவிட ஒசரம்டா மாலக்கி, பெட்டி சாயாம நீ குதிகாலத் தூக்கி நட" என்றான்.

பார்னி குள்ளன். பெட்டி சாய்ந்தபடியேதான் போனது.

டிசம்பர் ஏழாம் தேதி அவனுக்கு மாதப் பூசை. சுமக்க இனி ஒன்றுமில்லை. சும்மா என் பக்கத்தில் வந்து உட்கார்.

உன் தலையில் கைவைக்கக் காத்திருக்கும்,
சித்தப்பா மாலக்கி