அவங்க போற வரைக்கும்

6-2-1978, திங்கள்

ரிஜிஸ்டர் ஆபீஸில் இன்று நான்கு பத்திரம் எழுதினேன். விரல் வலிக்கிறது. வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. சின்னவள் கன்னியம்மாள் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வேலூர் டாக்டரம்மா கொடுத்த வலிப்பு மாத்திரைக்கு இது நான்காவது மாதம். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. பொங்கலுக்குப் பிறகு ஒரு வலிப்புகூட வரவில்லை.

எதிர்வீட்டு மணியம்மாள் என் மனைவி சந்திரகலாவிடம் சொன்னாளாம்: "உங்க சின்னப் பொண்ணு இப்ப நல்லா அடங்கிடுச்சிக்கா." கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

12-2, ஞாயிறு

கன்னிக்குப் பத்து வயது. தானாகப் பேச்சு வராது. அடுத்தவர் சொன்னதை, சில சமயம் பத்து நாள் கழித்துக்கூட, அவர் குரலிலேயே திருப்பிச் சொல்வாள். "கீழ்பென்னாத்தூர் ஏறு, கீழ்பென்னாத்தூர்" என்று பஸ்காரன் கூவுவதை நாளெல்லாம் கூவுவாள். டாக்டரம்மா இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் சேர்ந்து வருமாம்.

இப்போது கூவுவது நின்றுவிட்டது. சோற்றையும் தள்ளிவிடுகிறாள். இன்று கோபம் வந்து முதுகில் இரண்டு வைத்தேன்.

சந்திரகலா, "சுவத்தைப் புடிச்சிக்கினு நடக்கிறா, பாருங்க" என்றாள்.

"வலிப்பு வரல இல்ல? அப்புறம் என்ன" என்றேன்.

19-2

பெரியவள் ராஜம்மாளைப் பெண் பார்க்க அடுத்த ஞாயிறு கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறார்கள். பையன் பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்.

ஐப்பசியில் வந்தவர்களை மறக்க முடியவில்லை. கன்னி கூடத்துக்கு ஓடிவந்து மாப்பிள்ளையின் அம்மா புடவையை மோந்து பார்த்து, குழாயடியில் கேட்ட வசவு ஒன்றை அப்படியே சொன்னாள். காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ராஜம்மாளுக்கு இருபத்திரண்டு ஆகிறது.

26-2

வந்தார்கள். பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா திரௌபதி நல்ல மாதிரி. "சின்னவ எங்கே, காணோம்?" என்று கேட்டார். "ஜுரம், தூங்குது" என்றேன்.

ஜுரம் இல்லை. காலையில் நான் சந்திரகலாவிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். "இன்னும் ஒண்ணு குடு. அவங்க போற வரைக்கும் தூங்கட்டும்." அவள் தயங்கினாள். நானே பொடித்து வெல்லத்தில் வைத்து ஊட்டினேன். வெல்லம் என்றால் வாயைத் திறப்பாள்.

5-3

நிச்சயம் பேச வந்தார்கள். இன்றும் ஒன்று.

11-3

யாரும் வரவில்லை. எனக்கு எழுத்து வேலை நிறைய இருந்தது. இன்றும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

16-3

சனிக்கிழமையிலிருந்து தினமும் ஒன்று கூடுதலாகக் கொடுக்கிறேன். மருந்துக்கடை பீர் முகம்மது பாய், "மாசம் பூரா வரணுமே தசரதன் சார், அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்றார். பொட்டலம் தண்ணியில் விழுந்துவிட்டது என்றேன். என் முகத்தையே கொஞ்சம் பார்த்துவிட்டு எண்ணிக் கொடுத்தார். திரும்பி வரும்போது கடைத்தெரு முழுக்க என்னையே பார்ப்பது போல இருந்தது.

20-3

வாசற்படியில் விழுந்துவிட்டாள். உதடு கிழிந்து ரத்தம். வாயைக் கழுவும்போதுதான் பார்த்தேன் - ஈறு வளர்ந்து பல்லைப் பாதிக்கு மூடியிருக்கிறது. தொட்டாலே ரத்தம் கசிகிறது. கண்மணி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது. இந்த வாயை வெச்சிக்கினு எப்படி சோறு தின்னும் புள்ள? அதுக்கா அடிச்சேன்? சே.

22-3

வேலூர் போய் வந்தோம்.

"எத்தனை குடுக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நீங்க எழுதினபடிதாங்க. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

சந்திரகலா தரையைப் பார்த்தாள். அந்த அளவுக்கே இப்படி என்றால் இந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும், மறுபடி வலிப்பு வந்தாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கன்னி திறந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள். நாக்கு குழறியது. ஆனால் குரல் என்னுடையது.

"இன்னும் ஒண்ணு குடு. அவங்க போற வரைக்கும் தூங்கட்டும்."

பேனா நின்றது. "யார் போற வரைக்கும்?"

சொன்னேன். வெல்லம், பொட்டலம், எல்லாவற்றையும். அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"ஈறு வளர்றது இந்த மருந்தோட குணம். பல பிள்ளைங்களுக்கு வரும். தள்ளாட்டம் நான் எழுதின அளவுலயே லேசா ஆரம்பிச்சிருக்கும், ஜாஸ்தி குடுத்ததால முத்தி கண்ணும் ஆடுது. மத்த பிள்ளைங்கன்னா தலை சுத்துது, வாய் வலிக்குதுன்னு சொல்லும். இவ சொல்ல மாட்டா. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். உங்க வார்த்தையை நம்பித்தான் நான் எழுதறேன்."

பத்திரம் எழுதி முடித்தால் கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். இருபது வருஷப் பழக்கம். இன்று என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

14-4

மாத்திரையைக் குறைத்து வேறொன்று சேர்த்திருக்கிறார். நேற்று ஒரு வலிப்பு, இரண்டு நிமிஷம். முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்று சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். சாயங்காலம் "கீழ்பென்னாத்தூர் ஏறு" கேட்டது. சந்திரகலா அடுப்பை விட்டு ஓடி வந்தாள்.

ஆனால் மாத்திரையை எடுத்தாலே "அவங்க போற வரைக்கும்" என்பதையும் சொல்கிறாள். என் குரலில், தினம் இரண்டு வேளை.

30-4, ஞாயிறு

கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் பார்க்கக் காலையிலேயே சம்பந்தி வீட்டார் வந்தார்கள். நான் கன்னி இருந்த உள் அறைக் கதவுப் பக்கம் போனேன். ராஜம்மாள், "சாத்தாதீங்கப்பா" என்றாள். சாத்தவில்லை.

கன்னி வந்து திரௌபதியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து புடவையை மோந்து பார்த்தாள். மாத்திரை நேரம். சந்திரகலா எடுத்து வந்ததும் கன்னி வழக்கம்போல அதைச் சொன்னாள்.

திரௌபதியம்மாள் சிரித்துக்கொண்டே, "யாரு போற வரைக்கும்மா?" என்றார்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய்வரை வந்தது. "நீங்கதாம்மா. அது நான் சொன்ன வார்த்தை, மொத தடவை நீங்க வந்தப்ப" என்றேன். மாத்திரை விஷயத்தையும் சொன்னேன்.

அவர் சிரிப்பு போய்விட்டது. நான் எழுதி வைத்திருந்த வாசகத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். நல்வரவை விரும்புவோர் என்று என் பங்காளிகள் பதினோரு பேரைப் போட்டிருந்தேன்.

"இதுல இவ பேரு எங்கங்க?"

விட்டுப்போச்சு என்று சொல்ல முடியாது. இருபது வருஷத்தில் நான் எந்தப் பத்திரத்திலும் ஒரு பெயரை விட்டதில்லை.

பேனாவை எடுத்து எழுதினேன். "படிச்சிக் காட்டுங்க" என்றார். படித்தேன். கடைசிப் பெயரைக் கன்னி பிடித்துக்கொண்டாள். "செல்வி த. கன்னியம்மாள்." என் குரலில், சாயங்காலம் வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.