எங்கள் தெருவின் தொண்டர் படை

கோலியர்ஸ் வுட், லண்டன்
12.02.1988

அன்பு மகள் கத்தரினுக்கு,

மாதாவின் தயவால் நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் மருமகனும் சின்னவளும் குளிர் பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று நாளும் மன்றாடுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. லண்டனில் தமிழருக்கு அடிக்கிறார்களாமே, பிஸ்கட் ஃபக்டரி வேலையை விட்டுவிட்டு நீங்கள் முதலில் ரொறன்ரோவுக்கு வாருங்கள், அப்பா பிறகு வரட்டும் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொன்னால் நானும் பயணப் பெட்டியை இறக்கித் தூசு தட்டித்தான் வைத்திருந்தேன்.

நீ கேள்விப்பட்டது பொய்யில்லை. ரயில் ஸ்டேஷன் வாசலில் மொட்டையடித்த வெள்ளைக்காரப் பொடியன்கள் நின்று துப்புவதும் தள்ளுவதுமாக இருந்தார்கள். மாரியில் ஷிப்ட் முடியும்போதே இருட்டிவிடும், நானும் என்னோடு வேலை செய்யும் செல்வமலரும் மற்றப் பெண்களும் கையைக் கோர்த்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவோம். இதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக் குலசேகரம் அண்ணை எங்கள் ஆண்களைக் கூட்டித் தமிழர் தொண்டர் படை என்று ஒன்று தொடங்கினார். தொடங்கின விதத்தைக் கேள். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர் என்று வந்த எல்லோருக்கும் ஒவ்வொரு பதவி, உன் அப்பா போசகர், அதாவது புரவலர். இரண்டு கிழமையாகப் படைக்கு யாப்பு என்று சட்டதிட்டங்கள் எழுதினார்கள், நாங்கள் தனியாகத்தான் நடந்து வந்தோம். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை, தேத்தண்ணீர்த் தட்டோடு கூட்டத்துக்குள் போய், எல்லாரும் பல்லக்கிலை ஏறினால் தூக்கிறது ஆர் என்று கேட்டுவிட்டேன்.

அடுத்த நாள் ஸ்டேஷன் வாசலில் அப்பாவும் குலசேகரம் அண்ணையும் குடையோடு நின்றார்கள். பொடியன்கள் எறிந்த போத்தல் அப்பாவின் காலடியில் வெடித்தது. ஆனாலும் அவர் தொப்பியைக் கழற்றி, குட் ஈவினிங் ஜென்டில்மென் என்றார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதன்பிறகு மற்ற ஆண்களும் முறை வைத்து வரத் தொடங்கினார்கள், இப்போது கரைச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. அப்பா மட்டும் முறை பார்ப்பதில்லை, தினமும் வருகிறார். வழி முழுக்க யாப்பின் பிழைகளைத்தான் சொல்லிக்கொண்டு வருவார், நான் ஓம் ஓம் என்பேன்.

போன கிழமை எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அப்பா கொட்டும் மழையில் மற்றப் பெண்களைக் கூட்டிவரப் போனார். நனைந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், நீ இல்லாமல் நடக்க வழி நீண்டுகொண்டே கிடந்தது இம்மாகுலேற் என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து நான் கேட்டதில்லை மகள். அன்றிரவே பெட்டியை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டேன்.

கோபிக்காதே. கோடையில் பிள்ளையோடு நீங்கள் இங்கே வாருங்கள், ஸ்டேஷனில் அப்பா நிற்பார். சின்னவளின் நெஞ்சுக்கு எண்ணெய் பூச மறக்காதே. மாதா உங்கள் மூவரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இம்மாகுலேற் செபஸ்தியாம்பிள்ளை