கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தது

மஸ்கட்
12 செப்டம்பர் 1998, சனிக்கிழமை

என் ரய்யாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று காலை பத்தேகாலுக்குக் காஜி அலுவலகத்தில் நம் மனு பதிவாகிவிட்டது. சொன்னவர் அங்குள்ள எழுத்தர். எண் எழுதிய சீட்டை என் கையிலேயே கொடுத்தார். முடிவுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதி, நாம் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் காஜி மனுவை எடுப்பாராம்.

தொலைபேசியில் சொல்லலாம் என்றால், நீ போய்த் தங்கியிருக்கும் வீட்டில் உன் அண்ணன் கல்ஃபான்தான் எடுக்கிறார். "எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லி வைத்துவிடுகிறார். அதனால் கடிதம்.

நான் எழுதியிருப்பது இது. ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, சமையலறையில் நடந்த சண்டையில் நான் உனக்கு ஒரு முறை தலாக் சொன்னேன். வெட்கத்தால் அதை நாம் யாரிடமும் சொல்லவில்லை. நம் மகன் முஹன்னாவிடம்கூட. இத்தா என்ற காத்திருப்பு நாட்களில் நீ நம் வீட்டிலேயே இருந்தாய். அது முடியும் முன்பே, ஆகஸ்ட் 17 அன்று சலாலாவுக்குக் காரில் புறப்பட்டோம், மழைக்காலத்தைச் சுற்றிப் பார்க்க. வாடகை வீட்டில் நீ அறையிலும் நான் கூடத்திலும் படுத்தோம். ஆகஸ்ட் 20, வியாழன் மாலை, இத்தீன் மலையில், மொய்து என்பவரின் இளநீர்க் கடையில், "உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்" என்று சொன்னேன். மொய்துவும், நம்மைப் படம் எடுத்துக் கொடுத்த இப்ரி ஊர்க்காரர் ஒருவரும் உடனிருந்தார்கள். அன்று முதல் மறுபடியும் கணவன் மனைவியாக வாழ்ந்தோம். 27 அன்று ஊர் திரும்பினோம்.

எது தொங்கிக்கொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும். நான் சொன்னதை இரண்டு பேர் கேட்டிருந்தால் நீ என் மனைவி. கேட்க ஆளில்லாமல் சொல்லிவிட்டு நாம் சேர்ந்திருந்தால், நம் மத்ஹபுப்படி, நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட முறைப்படி, நீ எனக்கு ஆயுள் முழுக்க விலக்கப்பட்டவள். மறுமணம்கூடக் கிடையாது.

படித்துப் பார். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இரத்த அழுத்த மாத்திரையை எங்கே வைத்திருக்கிறாய்? சலாலாவில் வாங்கிய சாம்பிராணி கிடைத்தது, மாத்திரை கிடைக்கவில்லை.

உன் கணவன்
ஸஹ்ரான்


நிஸ்வா
19 செப்டம்பர் 1998

முஹன்னாவின் அப்பாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். மாத்திரை குளிர்பதனப் பெட்டியின் மேல், ரொட்டிக் கூடைக்குப் பின்னால். காலையில் ஒன்று. சாப்பிட்ட பிறகு.

'என்' ரய்யா என்று எழுதியிருக்கிறீர்கள். காஜி சொல்லும்வரை அந்த 'என்' வேண்டாம். எனக்கு அதைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது, அதனால்தான்.

நீங்கள் எழுதியதை ஐந்து முறை படித்தேன். ஒரு இடம் தவிர எல்லாம் சரி. அந்தச் சண்டை எதற்கு வந்தது என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அதுவும் நல்லதுதான். இங்கே நிஸ்வாவில் வெள்ளம் வந்தது ஞாயிற்றுக்கிழமை என்று அண்ணியிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் அடுத்த அறையிலிருந்து திங்கட்கிழமை என்று திருத்தினீர்கள். "பத்திரிகை உங்கள விட்டுடுச்சு, நீங்கதான் இன்னும் அத விடல. நான் வாயத் திறந்தா திருத்தம் போடறதுக்குன்னே உக்காந்திருக்கீங்க" என்றேன். முப்பது வருஷக் குடித்தனம் ஒரு திங்கட்கிழமையில் போய் நின்றது. இதை அந்த எழுத்தருக்குச் சொன்னால் சிரிப்பார்.

இப்போது நான் ஒன்று திருத்துகிறேன். நீங்கள் அதைக் கடையில் சொல்லவில்லை. காரில் சொன்னீர்கள்.

கடையில் நீங்கள் மொய்துவை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தீர்கள். "இந்தத் தேங்கா இங்க காய்க்குதா, இல்ல உங்க கேரளாவுலருந்து கப்பல்ல வருதா?" என்று கேட்டீர்கள். அவர், "தேங்கா இந்த ஊருதான் சாரே, விக்கிறவன்தான் கப்பல்ல வந்தவன்" என்றார். அந்த இப்ரிக்காரர் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார். அப்புறம் தூறல் கனத்தது. ஓடிப்போய் ஏறினோம். உட்கார்ந்ததும் நீங்கள் முதலில் செய்தது கண்ணாடியை ஏற்றியது. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே மூடுபனியில் கடை விளக்குகூடத் தெரியவில்லை. நான் முக்காட்டைப் பிழிந்துகொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னீர்கள்: "ரய்யா, அன்னைக்குச் சொன்னத வாபஸ் வாங்கிட்டேன். உன்னத் திரும்ப எடுத்துக்கிட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். "சரி, வைப்பர மெதுவா வைங்க, தலை சுத்துது" என்றேன். எனக்கு அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

கையெழுத்துப் போடவில்லை. மன்னிக்கவும்.

ரய்யா


மஸ்கட்
26 செப்டம்பர் 1998

ரய்யாவுக்கு,

மாத்திரை கிடைத்தது. ரொட்டியும் கிடைத்தது, பச்சை பிடித்திருந்தது.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். நேற்று வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மொய்துவுடன் பேசினேன், அவர் கடைக்குப் பக்கத்து ஜூஸ் கடைத் தொலைபேசிக்கு அழைத்து. நம்மை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன். "சாரே, என் அரபி தேங்கா விக்கிற அளவுக்குத்தான். ஆனா உங்க குடும்பம் நிக்கும்னா கேட்டேன்னு சொல்றேன்" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இப்ரிக்காரரின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. முப்பத்தொரு வருஷ வேலையில் எதிரில் நின்றவனின் பெயரைக் கேட்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான். என் பழைய பத்திரிகையில் மூன்று வரி விளம்பரம் கொடுத்திருக்கிறேன்: ஆகஸ்ட் 20 அன்று இத்தீன் மலையில் ஒரு தம்பதியைப் படம் எடுத்துக் கொடுத்தவர் தொடர்புகொள்ளவும். நம் பெயர் அதில் இல்லை.

படம் கழுவி வந்துவிட்டது. ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார். மொய்து பின்னால் நிற்கிறார், நீ இளநீரைப் பிடித்திருக்கிறாய், என் வாய் திறந்திருக்கிறது. நான் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரில் நான் சொன்னது இரண்டாவது முறையாக இருக்கலாம் அல்லவா? முதலில் கடையில் சொல்லி, உனக்குக் கேட்கவில்லையென்று மறுபடி காரில் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சலாலாக்காரர்கள் நம் மத்ஹபு இல்லை. அவர்கள் முறைப்படி வாயால் சொன்னாலே போதும், சாட்சி கட்டாயமில்லை. அங்கே மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் ஆள் மூலம் விசாரித்தேன். "இதுல என்னய்யா சந்தேகம், பொண்டாட்டிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாராம். மஸ்கட் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கேயே போய்விடலாம். கடலைப் பார்த்தபடி ஒரு வீடு வேண்டும் என்று நீதானே முக்ஸைல் கடற்கரையில் நின்றுகொண்டு சொன்னாய்?

இங்கே வீட்டில் நான் பேசுவதைத் திருத்த ஆளில்லை, ரய்யா. நானும் யாரைத் திருத்துவது?

ஸஹ்ரான்


நிஸ்வா
3 அக்டோபர் 1998

முஹன்னாவின் அப்பாவுக்கு,

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் உங்களுக்கு யார் என்று தெரியாமல் அதை என் பெட்டியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மூன்று நாள் வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வாய் திறந்திருப்பது எனக்கும் தெரிகிறது. "இன்னொரு ஸ்ட்ரா குடுப்பா, இது அடச்சிக்கிச்சு" என்று மொய்துவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். படத்தில் உங்கள் கையிலிருக்கும் ஸ்ட்ரா மடங்கியிருக்கிறது, பாருங்கள்.

சலாலாவுக்குப் போவதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். ஆசைப்பட்டே யோசித்தேன். அந்த வீட்டின் ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டேன் மனசில். அப்புறம் வழி ஞாபகம் வந்தது. ஆயிரம் கிலோமீட்டர். அங்கே நான் உங்கள் மனைவி, இங்கே அந்நியப் பெண். முஹன்னா வீட்டில் ஒரு விசேஷம் என்று புறப்பட்டு வந்தால், அந்தப் பாலைவனத்தில் எந்த பெட்ரோல் பங்க்கில் நான் முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்சீட்டுக்குப் போக வேண்டும்? சொல்லுங்கள், அங்கே இறங்கிக்கொள்கிறேன்.

பிறந்ததிலிருந்து ஒரு முறையில் தொழுதுவிட்டு, எனக்கு வசதி என்று இதற்கு மட்டும் வேறு முறையைப் பிடித்துக்கொள்ள எனக்கு வரவில்லை. உங்களுக்கும் வராது. வந்தால் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

மொய்து நல்ல மனுஷன். அவரை நமக்காகப் பொய் சொல்ல வைக்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்கிறேன். சலாலாவிலிருந்து திரும்பியதும், குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஸுவைனாவிடம் நான் இதை எதற்காகக் கேட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, நம் கதை என்று சொல்ல வெட்கம். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி, புருஷன் திரும்ப எடுத்துக்கிட்டானாம், சலாலா மழையில" என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "நல்லது, சாட்சிக்கு யாரு ரெண்டு பேர் நின்னாங்க?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் குர்ஆனை மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தெரியாமலே செத்துப் போயிருப்போம், ஒரே வீட்டில். தினமும் அதை நினைக்கிறேன். ஆனால் இப்போது தெரிந்துவிட்டது.

கண்ணாடி ஏற்றியிருந்தது என்று எழுதி அனுப்புங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ரய்யா


மஸ்கட்
7 அக்டோபர் 1998, புதன்கிழமை

ரய்யா பின்த் ஸயீத் அவர்களுக்கு,

இப்ரிக்காரர் கிடைத்துவிட்டார். பெயர் ஹமூத், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விளம்பரத்தைப் பார்த்து, திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு அவரே அழைத்தார். அவர் சொன்னதை அப்போதே குறித்துக்கொண்டேன்.

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பேச ஆரம்பித்தபோது எனக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. "நான் அவகிட்ட சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சு இல்ல?" என்பது ஒன்று. அப்படி நான் கேட்டிருந்தால் மரியாதைக்காகவாவது "ஆமா, ஏதோ சொன்னீங்க" என்றிருப்பார். தங்கமான மனிதர். மொய்துவோடு சேர்த்து இரண்டு ஆகியிருக்கும். முப்பத்தொரு வருஷம் புதிதாக வந்த நிருபர்களிடம் நான் கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த கேள்வி அது. அது நாக்கு வரைக்கும் வந்தது.

"அன்னைக்கு நீங்க என்ன கேட்டீங்க, என்ன பாத்தீங்க?" என்றுதான் கேட்டேன்.

அவர் சொன்னார்: "நீங்க கடைக்காரர்கிட்ட ஸ்ட்ரா கேட்டீங்க. உங்க வீட்டம்மா உங்களக் கிண்டல் பண்ணிட்டிருந்தாங்க. மழை வந்ததும் கார்ல ஏறிட்டீங்க. போயிட்டு வரேன்னு சொல்லலாம்னு கிட்ட வந்தேன், அதுக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டீங்க. உள்ள ரெண்டு பேரும் சிரிக்கிறது தெரிஞ்சுது. சத்தம் கேக்கல. எதுக்குண்ணே கேக்கறீங்க?"

படம் நன்றாக வந்திருக்கிறது, அதற்காகத்தான் என்று சொன்னேன்.

நேற்று வாக்குமூலத்தை மாற்றி எழுதினேன். கடை என்ற இடத்தில் கார். உடனிருந்தவர்கள் என்ற இடத்தில் எவருமில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது என்பதைத் தனி வரியாக எழுதியிருக்கிறேன். இரண்டு பிரதி இதோடு வருகிறது, நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கீழே உன் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். கல்ஃபானிடம் கொடுத்தனுப்பினால் போதும். சனிக்கிழமை காலை அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் தனியாக எழுத வேண்டியது. நிஸ்வாவில் வெள்ளம் வந்த நாளைப் பழைய இதழில் தேடிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான்.

முஹன்னாவிடம் நானே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை உன்னைப் பார்க்க வருவான். அவனிடம் உன் துணிகளையும் தையல் மெஷினையும் கொடுத்தனுப்புகிறேன். சாம்பிராணியைப் பாதி வைத்துக்கொள்கிறேன்.

காஜியின் முடிவு 12ஆம் தேதி திங்கட்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு என்று எழுத்தர் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் முதலில் உன் அண்ணன் வீட்டுக்கு அழைப்பார், பிறகு எனக்கு. இந்த வாக்குமூலத்தைக் காட்டினேன், படித்துவிட்டு எழுத்தர் தலை நிமிரவில்லை. ஆனால் முடிவு காஜியுடையது, அது இன்னும் வரவில்லை.

அதற்கு ஐந்து நாள் இருக்கிறது. இந்த ஐந்து நாளும் உன்னை நான் என்னவென்று சொல்வது என்று எழுத்தரிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார்.

ஸஹ்ரான்