சூடு ஆறாத கட்டில்

1987 மாசி 12, வியாழன்.

வீட்டுக்கார ஜெர்மன்காரர் கதவைத் தட்டியதும் அலுமாரிக்குள் ஒளிந்தேன். ஐம்பது வயதில் வெட்கக்கேடு. நாடு விட்டு வந்து சேர்ந்த வில்லரேயில் இந்த இரண்டு அறைக்குள் நாங்கள் ஒன்பது பேர். கண்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார். அவர் அலுமாரியையும் திறந்தார்.

"ராத்திரி வேலைக்காரர் எழும்ப அதே கட்டிலிலை நாங்கள் படுப்பம், ஐயா," என்றேன். கூட இருக்கும் மருமகன் அதை ஆங்கிலத்தில் சொன்னான்.

கிழவர் முகம் மாறியது. உலக யுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவராம். ஓர் இரும்புக் குழாய்க்குள் ஐம்பது பேர். ஒருவர் எழுந்த சூட்டிலேயே அடுத்தவர் படுப்பார். இருந்த இரண்டு கக்கூசில் ஒன்றுக்குள் சாப்பாட்டுச் சாமான். பக்கத்தில் கப்பலை உடைக்கும் டோர்பிடோக் குண்டு, தலைக்கு மேலே முழுக் கடல். மேலிருந்து எதிரி குண்டு போட்டால், சத்தம் கேட்டுவிடும் என்று இருமவும் மாட்டார்களாம். நான் கேட்டேன்:

"அங்கை வாடகை ஆர் எடுத்தது, ஐயா?"

மருமகன் அதைச் சொன்னதும் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஒன்பது பேரும் இருக்கட்டாம், மாமா," என்றான் மருமகன்.

எப்படிப் படுத்தார்கள் என்று காட்ட, கிழவர் என் கட்டிலில் முடங்கினார்.

இப்போது படுக்க என் முறை. அவர் குறட்டை விடுகிறார்.