ஏறாத முள்

நாள் 1, 08:10. எரிபொருள் வாயுத் தொட்டியின் அழுத்தம் 3.0 பார்

ரிக் வண்டி இரண்டு, நிலவின் தென்முனை. ஓட்டுநரும் மெக்கானிக்கும் நானே: மரகதம், ஊர் திருச்செங்கோடு. பின்னால் கோத்திருக்கும் துளை டிரெய்லரின் அறையில் பொங்கியண்ணன். முப்பது வருடம் ஊர் ஊராக போர்வெல் போட்டவர், இப்போது பனி தேடி இங்கே போடுகிறார். 110 கிலோமீட்டர் போய், ஒரு துளை போட்டு, திரும்ப வேண்டும். சின்ன வேலை.

நேற்று கொட்டகையில் ஆயுத பூசை. அண்ணன் வீட்டில் கொடுத்தனுப்பிய சந்தனத்தைக் குழைத்து வண்டி முழுக்கப் பொட்டு வைத்தேன். போன வருடம் வைத்ததெல்லாம் காய்ந்து உதிர்ந்து வடிகட்டியை அடைத்துவிட்டது. அதனால் இந்த முறை கொஞ்சம் பசை கலந்தேன். இனி உதிராது.

நாள் 1, 08:45. 3.0

வெளியே வந்தாயிற்று. கொட்டகைக்குள் காற்று உண்டு, வெளியே இல்லை. அழுத்த சென்சார் தொட்டியின் உள்ளையும் வெளியையும் ஒப்பிட்டுக் காட்டும் ரகம். அதனால் கதவைத் தாண்டியதும் முள் 0.7 ஏறி 3.7-இல் நிற்க வேண்டும். இன்று ஏறவில்லை.

தொட்டி நிரப்பியது கொட்டகைப் பொறுப்பாளன் நல்லதம்பி. ஒரு கையில் பொரிகடலையை வைத்துக்கொண்டு நிரப்பினால் இப்படித்தான் குறையும். வானொலியில் கேட்டேன்.

“சாமி சத்தியமா ஃபுல்லுங்க்கா. நானே பார்த்துத்தான் மூடுனேன்.”

அவன் எதற்குத்தான் சத்தியம் செய்யவில்லை? 3.0 போதும். கிளம்புகிறோம்.

நாள் 1, 18:20. 1.9

இடம் வந்து சேர்ந்தோம். டிரெய்லரோடு 100 கிலோமீட்டருக்கு ஒரு பார், கணக்கு சரியாக இருக்கிறது. 0.4-க்குக் கீழே போனால் கணினி எஞ்சினை நிறுத்திவிடும். திரும்ப 1.1 வேண்டும். துளைக்கு 0.4 மிச்சம், ஒரு நாள் தாங்கும்.

நாள் 2, 14:05. 1.6

விபத்து. 38 மீட்டரில் துளைத்தண்டு சிக்கிச் சுழன்று, டிரெய்லரின் பக்கத்தட்டைப் பெயர்த்துக்கொண்டு அண்ணனின் இடது காலை நசுக்கிவிட்டது. அறையில் காற்று கசிந்தது. தட்டை ஒட்டி அடைத்தேன். கசிவை ஈடுகட்ட அவசர சிலிண்டர்கள் திறந்துகொண்டன. காலைக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை.

நாள் 2, 21:30. 1.5

ரத்தம் நின்றது. கால் வீங்கி இரண்டு மடங்காகிவிட்டது. விண்வெளி உடைக்குள் நுழையாது. அதாவது அவர் டிரெய்லரை விட்டு வெளியே வர முடியாது, என் அறைக்கும் வர முடியாது. டிரெய்லரை இழுத்துப் போனால்தான் அவர் வீடு போவார். இப்போதே ஓட்டினால் குலுக்கலில் கட்டு பிரியும். காலை வரை ஹீட்டரை ஓடவிட்டுக் காத்திருக்கிறேன்.

நாள் 3, 05:30. 1.3

கிளம்புகிறேன். 110 கிலோமீட்டர் போக வேண்டும். 0.4 வரை இறங்க 0.9 இருக்கிறது, அதாவது 90 கிலோமீட்டர். இருபது குறைகிறது.

அந்த 0.7 மட்டும் இருந்திருந்தால்! நல்லதம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்னொரு வண்டியை அனுப்பச் சொன்னேன்.

“ஒண்ணாம் நம்பர் வண்டி எஞ்சின் பிரிச்சுக் கெடக்குதுங்க்கா. ராத்திரி பகலா மாட்டுனாலும் ரெண்டு நாளாகும். நான் தொட்டி முழுசாத்தானுங்க நிரப்புனேன். அந்த சென்சாரைக் கொஞ்சம் பாருங்க.”

நாள் 3, 08:55. 0.9

40 கிலோமீட்டர் வந்தாயிற்று. நிறுத்தி சென்சாரைச் சோதித்தேன். போகும் மின்சாரம் 5 வோல்ட், சரி. திரும்பும் சிக்னல் சரி. எர்த் சரி. வயரை முழு நீளத்துக்கும் ஆட்டிப் பார்த்தேன், முள் துள்ளவில்லை. செத்த சென்சார் ஒன்று தாறுமாறாகக் காட்டும், அல்லது ஒரே இடத்தில் நிற்கும். இது ஓடிய தூரத்துக்கு ஏற்ப ஒழுங்காக இறங்குகிறது. மாற்று சென்சார் இல்லை. இருந்தாலும், இதைக் கழற்றினால் தொட்டியில் இருப்பது அவ்வளவும் போய்விடும். வயரைத் துண்டித்துவிட்டு ஓட்டலாம் என்றால் கணினி வால்வைத் திறக்காது.

சென்சார் இருப்பது தொட்டியின் பின்பக்கம், இணைப்புக் கொக்கிக்கு உள்ளே. டிரெய்லர் கோத்திருக்கும்போது அங்கே தலை நுழையாது. கையால் தடவினேன். இறுக்கமாக இருக்கிறது.

முடிவு: சென்சாரில் கோளாறு இல்லை. எரிபொருள்தான் இல்லை.

நாள் 3, 09:35. 0.9

டிரெய்லர் இல்லாமல் ஓட்டினால் ஒரு பாருக்கு 150 கிலோமீட்டர். மிச்சம் 70 கிலோமீட்டருக்கு இருப்பது போதும். நான் இதைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அண்ணன் வானொலியில் சொன்னார்.

“அம்மிணி, என்னைக் கழட்டி உட்டுட்டுப் போ. மூணரை மணி நேரத்துல போயிருவ. நெறச்சுக்கிட்டுத் திரும்பி வா.”

இணைப்பைக் கழற்றினால் டிரெய்லருக்கு மின்சாரம் இல்லை, சிலிண்டர் காற்று மட்டும்தான். அதைக் காட்டும் முள் அவர் அறைக்குள் இருக்கிறது. எத்தனை மணி நேரம் காட்டுகிறது என்று கேட்டேன்.

“ஒம்பது.”

விபத்தில் நிறைய போயிருக்குமே என்றேன்.

“கண்ணு முன்னால இருக்குது, ஒம்பதுங்கிறேன். காலுதான் போச்சு, கண்ணு போகலை. வண்டிக்கெல்லாம் பொட்டு வெச்சியே, என்ற காலுக்கும் ஒண்ணு வெச்சிருந்தா தப்பிச்சிருக்கும்.”

போக மூன்றரை, நிரப்ப அரை, வர மூன்றரை. ஏழரை மணி நேரம். ஒன்பது தாங்கும்.

நாள் 3, 10:00. 0.9

கழற்றிவிட்டேன். அவர் சன்னலில் கையைத் தூக்கிக் காட்டினார். நான் காட்டவில்லை, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தது. பொய், காட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

நாள் 3, 11:42. 0.4. எஞ்சின் நின்றது

குன்றின் நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்தேன். அப்போது 0.7. பத்து நிமிடத்தில் 0.6, 0.5, 0.4. கணினி நிறுத்திவிட்டது. டிரெய்லரில் இருந்து 30 கிலோமீட்டர். கொட்டகைக்கு 40. அண்ணனோடு பேச முடியவில்லை. டிரெய்லர் வானொலி கிட்டத்தில்தான் எட்டும், நடுவில் குன்று மறைக்கிறது.

கசிவு. வேறென்ன இருக்க முடியும்? கீழே இறங்கிக் குழாய்களைப் பார்க்கிறேன்.

நாள் 3, 12:30. 0.4

கசிவு இல்லை. மூட்டு மூட்டாகப் பார்த்துவிட்டேன். வயர்களை மறுபடியும் பார்த்தேன். 5 வோல்ட். எர்த் சரி. அண்ணன் அங்கே என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே வழியில் நிற்கிறேன். அவருக்கு 19:00 வரை காற்று. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஐயோ.

நாள் 3, 12:41. 0.5

ஏறியது. எரிபொருள் எங்காவது தானாக ஏறுமா?

வண்டியின் பின்புறம் குனிந்தபோது என் நிழல் தொட்டியின் மேல் விழுந்தது. அப்போது ஏறியிருக்கிறது. விலகினேன், 0.4. ஒரு விரிப்பை எடுத்து மறைத்தேன், 0.5. வெயில் பட்டால் இறங்குகிறது, நிழல் பட்டால் ஏறுகிறது. இதுவரை டிரெய்லரும் பிறகு குன்றும் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தன. சென்சாருக்குள் எங்கோ காற்று அடைபட்டுச் சூடாகிறது. அங்கே காற்றே இருக்கக் கூடாது. வெளியைப் பார்க்க அதில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அது

நாள் 3, 12:50. 1.4

பொட்டு.

ஓட்டையின் மேல் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கல் மாதிரி இறுகியிருக்கிறது. என் விரல் ரேகை தெளிவாகத் தெரிகிறது. கொட்டகையின் 0.7 காற்றை உள்ளே வைத்து நானே பூசி அடைத்திருக்கிறேன். முதல் நாளிலிருந்து முள் 0.7 குறைத்தே காட்டியிருக்கிறது. நல்லதம்பி முழுசாகத்தான் நிரப்பியிருக்கிறான்.

ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினேன். முள் ஒரே தாவலில் 1.4.

திரும்பிப் போக 0.2. மிச்சம் 1.2. டிரெய்லரோடு 80 கிலோமீட்டர் ஓடும். அங்கிருந்து கொட்டகை 70. அண்ணனையும் இழுத்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அவர் காற்று 19:00 வரை இருக்கிறது. 14:20-க்கு அங்கே இருப்பேன். பொட்டு விஷயத்தைச் சொன்னால் ஆயுசுக்கும் கேலி செய்வார். செய்யட்டும். வண்டியைத் திருப்பிவிட்டேன்.

நாள் 3, 14:05. 1.2

குன்றைத் தாண்டிவிட்டேன். டிரெய்லர் தெரிகிறது. கூப்பிடுகிறேன், பதில் இல்லை. தூங்குகிறார் போல.

நாள் 3, 14:50. 1.2

பொங்கியண்ணன் இறந்துவிட்டார்.

காற்று முள் பூஜ்யத்தில் நிற்கிறது. அந்த முள்ளில் கோளாறு இல்லை, பதிவுக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 10:00 மணிக்கு இருந்தது மூன்று மணி பத்து நிமிடம். ஒன்பது என்றார். உண்மையைச் சொன்னால் நான் போக மாட்டேன் என்று தெரிந்து ஒன்பது என்றார்.

13:10-க்குத் தீர்ந்திருக்கிறது. தீர்ந்த உடனே உயிர் போய்விடாது, இன்னும் கால் மணி தாங்கும். 11:42-க்கு நின்றதும் நேராக அந்தச் சென்சாரைக் குனிந்து பார்த்திருந்தால் அந்தக் கால் மணிக்குள் நான் இங்கே வந்திருப்பேன். வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் இணைப்பைக் கழற்றியபோது அந்தப் பொட்டு என் முகத்துக்கு நேராக இருந்தது. அழக் கூடாதென்று குனிந்த தலை நிமிராமல் ஓடிவந்து வண்டியில் ஏறினேன்.

பதிவில் அவர் குரல் இருக்கிறது. 12:55.

“அம்மிணி, நீ இந்நேரம் கிட்டப் போயிருப்ப. ஒம்பதுன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்காத. அந்த நல்லதம்பிப் பயலைத் திட்டாத, பாவம். நம்ம நேரம் எரிபொருளு பத்தலை, யாரு என்ன பண்ணுறது.”

நாள் 3, 15:10. 1.2

நல்லதம்பிக்குச் சொல்லிவிட்டேன், பொட்டையும் சேர்த்து. அவன் சொன்னது:

“அக்கா, நீங்க பத்திரமா வந்து சேருங்க. அதை யாருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க. நான்தான் நிரப்பலைன்னு எழுதிக்கலாம்.”

வேண்டாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் அப்படியே அண்ணன் வீட்டுக்கு அனுப்புங்கள். எரிபொருள் பத்தாமல் அவர் சாகவில்லை.

நாள் 3, 15:25. 1.2

டிரெய்லரைக் கோத்துவிட்டேன். மின்சாரம் கிடைத்ததும் உள்ளே காற்று ஓடத் தொடங்கியது. கதவுப் பக்கம் பச்சை விளக்கு எரிகிறது.

நாள் 3, 21:15. 0.5

கொட்டகை. டிரெய்லரோடு 70 கிலோமீட்டர். எஞ்சின் எங்கும் நிற்கவில்லை. கதவை மூடிக் காற்று நிரம்பும் முன் குறித்த அளவு 0.5.

இருவருக்கும் போதுமானதாக இருந்தது. மிச்சமும் இருக்கிறது. சென்சார் சரி.