சுற்றுலா நோட்டீசில் உங்கப்பா

தொண்டாமுத்தூர்
22.11.1998

அன்பு மகன் கிருபாசங்கருக்கு அம்மா எழுதுவது. உன்னையும் மருமகள் லோகப்பிரியாவையும் குழந்தை ரித்திகாவையும் நோய்நொடி அண்டாமல் காப்பாற்று என்று மருதமலையானைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மழை இரண்டு நாளாக விட்டிருக்கிறது, செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. இதெல்லாம் உங்கப்பா எழுதச் சொன்னது, எழுதிவிட்டேன். இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உன் டூர் கம்பெனி நோட்டீஸ் வியாழக்கிழமை வந்தது. அதைப் பார்த்தபின் சித்திரையில் நீ எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். பணச் சரிவு வந்ததிலிருந்து சிங்கப்பூர்க்காரர்கள் லண்டன், ஜப்பான் எல்லாம் போவதை விட்டுவிட்டார்கள், நாலு நாளில் போய்வரும்படி செலவு குறைவான இடமாகத் தேடுகிறார்கள், ஓட்டல் அலுத்துப்போய் யாராவது தோட்டத்தில் தங்கிப் பம்புசெட்டில் குளிக்க ஆசைப்படுகிறார்கள், இனிமேல் இதுதான் ஓடும் என்று எழுதியிருந்தாய். கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், புதிதாக ஏதாவது பிடித்துக் காட்டினால்தான் உன் வேலை நிற்கும் என்றும் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் நம் தோட்டத்திலேயே ஆட்களைத் தங்கவைக்க உங்கப்பா சரி என்றார். எனக்கு அப்போதே சிரிப்பாக இருந்தது. இங்கே மில்லுகள் மூடினதிலிருந்து, வேன் பிடித்து மூன்று நாள் ஊட்டிக்குப் போன சனமெல்லாம் புளிச்சோறு கட்டிக்கொண்டு கோவைக் குற்றாலம் போய்ப் பொழுதோடு திரும்பிவிடுகிறது. மில் வைத்திருந்தவர்களோ காந்திபுரத்தில் பாங்காக் ஐந்து நாள் என்று போர்டு மாட்டிய கடைகளில் நிற்கிறார்கள், அங்கே பணத்தின் மதிப்பு விழுந்து கிடக்கிறது, போக இதுதான் சமயமாம். எந்த ஊர் நொடிந்து கிடக்கிறதோ அந்த ஊரைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

செப்டம்பர் லீவுக்கு ஆறு பேர் வந்தார்கள். நாலு பேர் சீனர்கள், மற்ற இருவர் நம் தமிழ் ஆட்கள், ஒரு டீச்சரம்மாவும் அவள் புருஷனும். போத்தனூர் வேன்காரர் நசுருதீன்தான் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்தார். காசு கொடுத்து வருகிறவர்கள், தூரமாகவே நடந்துகொள்ளுங்கள் என்று நீ எழுதியது எங்கள் மண்டையில் ஏறவில்லை. வீடு தேடி வந்தவர்கள் விருந்தாளிதானே. எங்கள் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அரிசிம்பருப்புச் சோறாக்கி நெய் ஊற்றினேன், உங்கப்பா ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் நின்று இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே யானை வாழைக்குள் இறங்கிவிட்டது. தோட்டத்து ஆள் மாசாணம் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். நாமென்றால் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்போம், இவர்கள் கைதட்டிக்கொண்டு காமிராவோடு வேலி வரைக்கும் போய்விட்டார்கள். நான் போயிருந்தால் அறிவு இருக்குதா, உள்ள போ என்று உங்கப்பா கத்தியிருப்பார். விருந்தாளியை அதட்ட அவருக்கு வாய் வருமா? ஏனுங்க, கொஞ்சம் உள்ள போயிருங்க, கோவிச்சுக்காதீங்க என்றார். அவ்வளவு நயமாகச் சொன்னதில் அது ஆபத்து என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. டீச்சரம்மா ஒரே ஒரு படம் அங்கிள் என்று சிரித்தாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்ததும் யானை திரும்பிவிட்டது. உங்கப்பா ஓடிப்போய் யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து அவர்களை மறித்து நின்றார். அப்போதும் ஒருத்தர் படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். யானை நாலடி வந்து நின்று, என்ன நினைத்ததோ, காட்டுப் பக்கம் போய்விட்டது. இவர் திரும்பி எடுத்து வைத்த அடி வாய்க்காலில் சறுக்கி, மல்லாக்க விழுந்து, இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. நசுருதீன்தான் தூக்கி வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அங்கே கிடந்த பதினோரு நாளும் அவர் சம்சாரம் சாஜிதா எங்களுக்குச் சோறு கொடுத்தனுப்பினாள். இன்றைக்கும் யாராவது பிடித்துக்கொள்ளாமல் உங்கப்பாவால் வாசலுக்கு வர முடியாது.

இதை உனக்குச் சொல்லவில்லை. பையனுக்கே வேலை போற நேரம், இதையுஞ் சொல்லோணுமா, உடு என்றார். நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா தோட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்கிறோமே என்று அழுவேன். இப்போது நோட்டீசைத் திறந்தால் யானைக்கு முன்னால் கை விரித்து நிற்கிறார் உங்கப்பா. பயந்த முகம் அப்படியே தெரிகிறது. கீழே இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று ஐயாசாமி வாத்தியாரைக் கேட்டேன். யானையை விரட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று இருக்கிறதாம். பாவம், இவனுக்கு விவரம் தெரியாது, படத்தை மட்டும் கொடுத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாளே அந்த டீச்சரம்மாவின் கடிதம் வந்துவிட்டது. அங்கிளுக்கு இடுப்பு தேவலையா, ஊர் திரும்பிய அன்றே உங்கள் மகன் ஆபீசுக்குப் போய் நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன், வந்து பார்த்தாரா என்று கேட்டிருக்கிறாள். ஆக, உனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். அதற்கப்புறம் நாலு தடவை போன் பண்ணினாய். அப்பா தோட்டத்தில் இருக்கிறார் என்று நான் சொல்ல, சரிம்மா, சரிம்மா என்று கேட்டுக்கொண்டாய். நான் பொய் சொன்னது உன் நன்மைக்கு. நீ கேட்டுக்கொண்டது எதற்குடா?

நோட்டீசோடு வைத்த சீட்டில், டிசம்பர் லீவுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள், வேலியோரம் நாலு வாழைத்தாரை வெட்டிப் போட்டு வையுங்கள், யானை வராவிட்டால் ஏமாந்துபோவார்கள் என்று எழுதியிருக்கிறாய். உங்கப்பாவுக்கு அதை நான் படித்துக் காட்டவில்லை. காட்டினால் உனக்காக வெட்டிப் போடச் சொல்லிவிடுவார். யாரும் வர வேண்டாம் என்று நீயே அவர்களுக்குச் சொல்லிவிடு. சொல்லாமல் விட்டு அவர்கள் வந்து இறங்கினால் வாசலில் நிறுத்த மாட்டேன், அது எனக்கு வராது, சோறு போட்டுத்தான் திருப்பி அனுப்புவேன். உங்கள் மகன் அனுப்பித்தான் வந்தோம் என்பார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லைங்க என்று சொல்லிப்போடுவேன்.

குழந்தைக்கு மழையில் சளி பிடிக்கும், கற்பூரவல்லியை வாட்டிச் சாறு பிழிந்து கொடுக்கச் சொல், மறந்துவிடாதே. உன் வேலை நிற்க வேண்டும், நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
சுப்பாத்தாள்